படங்களுக்கும் ஒரு பேரேடு

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் பொங்கல் விழாவை ஒட்டி, கல்லூரி மாணவர்களுக்காக நடந்த ஞாயிறு காலை அமர்வில் பேசியது. வர முடியாதவர்கள் கேட்டதால் எழுத்து வடிவில்.)



செயலாளர் என்னிடம் வந்து, "சார், பசங்க போட்டோ சாஃப்ட்வேர் பத்தி கேக்கறாங்க, நீங்க ஒரு இருபது நிமிஷம் பேசுங்க" என்றார். நான் புகைப்படக்காரன் இல்லை. பி.காம். முடித்து, முப்பத்தைந்து வருடம் வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். அப்படி இருந்தும் ஒப்புக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

2021இல் என் மனைவி தவறினாள். உங்களில் பலருக்குத் தெரியும். ஊரடங்கு நேரம். மாலை போட ஒரு படம் வேண்டும். வீட்டில் படத்துக்கா பஞ்சம்? என் போனில், மகன் போனில், பழைய கணினியில், இரண்டு ஹார்டு டிஸ்கில், ஏழெட்டு சிடியில் என்று கிடந்தன. பிறகு எண்ணிப் பார்த்தேன், 23,000க்கு மேல். அதில் பாதி வாட்ஸ்அப்பில் வந்த காலை வணக்கம். அன்று இரவு முழுக்கத் தேடியும் அவள் தனியாக நிற்கும் ஒரு நல்ல படம் அகப்படவில்லை. கடைசியில் பேத்தியின் காதுகுத்தில் எடுத்த கூட்டப் படத்திலிருந்து மகன் போனிலேயே வெட்டி எடுத்தான். ஸ்டுடியோக்கள் எல்லாம் மூடியிருந்தன. அந்தப் படத்தில் அவள் தோள்மேல் வேறு யாருடைய விரல்களோ இருந்தன. மூன்று வருடம் அப்படியேதான் சுவரில் மாட்டியிருந்தது.

முப்பத்தைந்து வருடம் மற்றவர் கணக்கை ஒரு பைசா பிசகாமல் எழுதியவன், சொந்த வீட்டுப் படங்களுக்கு ஒரு பேரேடு வைக்கவில்லை. அந்த வெட்கத்தில்தான் இதைக் கற்றுக்கொள்ள ஆரம்பித்தேன். கற்றுக்கொடுத்தது நம் சி பிளாக்கில் இருக்கும் விஸ்காம் மாணவி. நான் பதிலுக்கு அந்தப் பெண்ணுக்குச் செய்தது, செலவுக் கணக்குப் போட்டுக் கொடுத்தது மட்டும்.

அந்தப் பெண் முதலில் கேட்ட கேள்வியே இன்றைய தலைப்பு. "அங்கிள், காலேஜ்ல எல்லாரும் மாசா மாசம் காசு கட்டி சாஃப்ட்வேர் வெச்சிருக்காங்க. எங்க வீட்ல கேக்க முடியாது. கட்டாம எப்படி சமாளிக்கிறது?"

சந்தா மாதம் 500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்துக்குத் திட்டம், வருடத்துக்கு வருடம் விலை மாறும், கணக்குக்காகச் சொல்கிறேன். வருடம் 6,000. மூன்று வருடப் படிப்புக்கு 18,000. அதே 500 ரூபாயை மாதாமாதம் ஆர்.டி.யில் போட்டிருந்தால் படிப்பு முடியும்போது அசலும் வட்டியும் கையில் இருக்கும், ஒரு பழைய லென்ஸ் வாங்கலாம். சந்தாவில் கடைசி மாதம் கட்டியதும் கையில் மிஞ்சுவது எதுவும் இல்லை. அதனால் சந்தா கட்டுவது தப்பு என்று சொல்லவில்லை. எப்போது கட்டலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் வேலையைப் பிரித்துக்கொள்வோம். படத்தில் மூன்று வேலை இருக்கிறது. பத்திரமாகச் சேர்த்து வைப்பது ஒன்று. வேண்டியபோது தேடி எடுப்பது இரண்டு. திருத்தி அழகாக்குவது மூன்று. எல்லாரும் மூன்றாவதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். என் அனுபவத்தில் கண்ணீர் வரவழைப்பது முதல் இரண்டும்தான்.

தேடி எடுப்பதிலிருந்து தொடங்குகிறேன்.

வங்கியில் ஒரு வவுச்சர் வந்தால் அன்றைக்கே தேதி, தலைப்பு, எண் போட்டு அடுக்கிவிடுவோம். நாளைக்கு என்று வைத்தால் மலையாகிவிடும். படத்துக்கும் அதே விதி. கோப்புறையின் பெயரில் வருடம் முதலில், பிறகு மாதம், பிறகு நாள், பிறகு இடம். 2026-01-18, அடுத்து காசிமேடு. இப்படி எழுதினால் கணினி தானாகவே தேதி வரிசையில் அடுக்கிக்கொள்ளும். நாளை முதலில் எழுதினால் எல்லா மாதத்து ஒன்றாம் தேதியும் ஒன்றாகக் குவியும். என் வீட்டில் "நியூ ஃபோல்டர்" என்ற பெயரில் மட்டும் பதினோரு கோப்புறை இருந்தன.

அடுத்தது குறிச்சொல். ஒரு படத்தில் யார், எங்கே, என்ன விசேஷம் என்று எழுதி வைப்பது. இதற்கு நான் பயன்படுத்துவது டிஜிகேம். முழுக்க இலவசம், கட்டற்ற மென்பொருள். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். ரெஞ்சி ராஜு என்பவர் தொடங்கி வைத்தது, இன்று பல நாட்டுத் தன்னார்வலர்கள் வளர்க்கிறார்கள். தமிழிலேயே குறிச்சொல் எழுதலாம். நட்சத்திர மதிப்பெண் போடலாம். முகம் கண்டுபிடித்துப் பெயர் கேட்கும். அந்த வேலை உங்கள் கணினிக்குள்ளேயே நடக்கும், படம் வெளியே எங்கும் போகாது.

அமைப்பில் ஒரு விஷயத்தை மட்டும் மறக்காமல் செய்யுங்கள். குறிச்சொல்லைப் படக் கோப்பிலேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது மென்பொருளின் சொந்தக் கணக்குப் புத்தகத்தில் மட்டும் இருக்கும். மென்பொருள் போனால் புத்தகமும் போகும். பிகாசாவை நினைவிருக்கிறதா? எத்தனையோ வீடுகளில் அதில்தான் ஆல்பம் வைத்திருந்தோம். 2016 மார்ச்சில் கூகுள் அதை நிறுத்திவிட்டது. இலவசம் என்பதால் நான் இதைக் குறை சொல்லவில்லை. ஆனால் எந்த நிறுவனமும் என்றைக்கும் இருக்கும் என்று நம்பிக் கணக்கு எழுதக் கூடாது.

உங்கள் கணினி பழசு என்றால், 2011இல் ஆரம்பித்த அரசு இலவச மடிக்கணினித் திட்டத்தில் வீட்டுக்கு வந்தது என்றால், டிஜிகேம் கொஞ்சம் முனகும். அப்போது எக்ஸ்என்வியூ எம்பி போடுங்கள். வீட்டு உபயோகத்துக்கும் படிப்புக்கும் இலவசம், இலகுவாக ஓடும். கல்லூரி மாணவர் 20 லட்சம் பேருக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் என்று 2025-26 நிதிநிலை அறிக்கையில் அறிவித்தார்களே, அந்த மாதிரிப் புதுக் கணினியாக இருந்தால், மெமரி 8 ஜிபி இருந்தால் டிஜிகேம் தாராளமாக ஓடும்.

சரி, திருத்துவதற்கு வருவோம்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பெரிய பெரிய மென்பொருள் சிலவற்றை ஆரம்பித்ததே மாணவர்கள்தான். ஃபோட்டோஷாப்பை 1987இல் எழுதத் தொடங்கிய தாமஸ் நோல் அப்போது மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தார். தம்பி ஜானும் சேர்ந்துகொண்டார். 1990இல் அடோபி வெளியிட்டது. அது திறக்கும்போது ஓடும் பெயர்ப் பட்டியலில் சீதாராமன் நாராயணன் என்று நம் பக்கத்துப் பெயர் ஒன்று வெகுகாலம் வந்ததைக் கவனித்திருப்பீர்கள். அதற்கு மாற்றாக இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் 1995இல் பெர்க்லியில் இரண்டு மாணவர்கள், ஸ்பென்சர் கிம்பாலும் பீட்டர் மேட்டிஸும், கல்லூரிப் பயிற்சியாகத் தொடங்கியது. காசில்லாத மாணவன் கையில் பிறந்ததைத்தான் காசில்லாத மாணவனுக்கு நான் சிபாரிசு செய்கிறேன்.

எந்த வேலைக்கு எது என்று சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

போனில் எடுத்து போனிலேயே திருத்த: ஸ்னாப்சீட். இலவசம். வெளிச்சம், நிறம், சாய்வு, வெட்டு என்று தினப்படித் தேவைக்கு இது போதும்.

கேமராவில் ரா கோப்பாக எடுப்பவர்களுக்கு: டார்க்டேபிள் அல்லது ராதெரபி. இரண்டும் இலவசம். ரா என்பது பழைய ஃபிலிம் நெகட்டிவ் மாதிரி, அதைக் கழுவிப் பிரிண்ட் போடும் இருட்டறை இந்த மென்பொருள். டார்க்டேபிள் முதல் வாரம் தலை சுற்றும். மூன்றாவது வாரம் பழகிவிடும்.

படத்தில் தேவையில்லாததை எடுப்பது, இரண்டு படத்தைச் சேர்ப்பது, பழைய படத்தின் கீறலை மறைப்பது: கிம்ப். 2025 மார்ச்சில் மூன்றாம் பதிப்பு வந்தபிறகு முன்பைவிட வசதி கூடியிருக்கிறது.

கணினியில் எதையும் நிறுவ முடியாதவர்களுக்கு, அதாவது கல்லூரிக் கணினியில் அவசரமாக வேலை பார்ப்பவர்களுக்கு: ஃபோட்டோபீ. இணைய உலாவியிலேயே திறக்கும். ஃபோட்டோஷாப் கோப்புகளையும் திறக்கும். ஓரத்தில் விளம்பரம் வரும், அவ்வளவுதான். படம் உங்கள் கணினியை விட்டுப் போவதில்லை.

அஃபினிட்டி என்று ஒன்று. முன்பு காசு கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. அதை வாங்கிய கேன்வா நிறுவனம் 2025 அக்டோபரிலிருந்து இலவசமாகத் தருகிறது. கேன்வா கணக்கு ஒன்று வேண்டும், செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்கு மட்டும் சந்தா. நல்ல மென்பொருள்தான். ஆனால் இன்றைக்கு ஒரு நிறுவனம் இலவசமாகத் தருவது நாளைக்கு அதன் விருப்பம். கட்டற்ற மென்பொருளுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அதுதான். அதனால் எதில் திருத்தினாலும், முடிந்த படத்தை ஜேபெக்காகவோ டிஃப்பாகவோ ஒரு பிரதி எடுத்து வையுங்கள். அவற்றை எந்த மென்பொருளும் திறக்கும்.

இங்கே வங்கி விதி இன்னொன்று. பேரேட்டில் தப்பாக எழுதினால் அழிக்கக் கூடாது, சுரண்டக் கூடாது. ஒரு கோடு போட்டு, சரியானதை எழுதி, கையெழுத்துப் போட வேண்டும். அசல் தெரிய வேண்டும். டார்க்டேபிள் மாதிரி மென்பொருள்கள் அப்படியே செய்கின்றன. படத்தைத் தொடுவதில்லை, நீங்கள் செய்த திருத்தங்களைப் பக்கத்தில் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கின்றன. கிம்ப்பில் செய்யும்போது நீங்களே கவனமாக வேறு பெயரில் சேமிக்க வேண்டும்.

இப்போது கசப்பான விஷயம். திருட்டு மென்பொருள். "கிராக்" என்கிறீர்கள். நம் குடியிருப்பிலேயே ஒரு பையன், பெயர் வேண்டாம், இரண்டாம் வருடப் புராஜெக்டுக்காக ஒரு கிராக்கை இறக்கினான். ஓடுவதற்காக வைரஸ் தடுப்பை அணைத்து வைக்கச் சொன்னது, அணைத்தான். நாலாம் நாள் காலையில் கணினியைத் திறந்தால் ஒரு படமும் திறக்கவில்லை. எல்லாம் பூட்டப்பட்டு, பணம் கேட்டு ஒரு கடிதம். ஆறு மாதம் விடிகாலையில் எழுந்து போய்க் காசிமேட்டு ஏலத்தில் எடுத்த படங்கள். வேறு பிரதி இல்லை. என்னிடம் வந்து உட்கார்ந்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. சட்டம், நியாயம் எல்லாம் ஒருபக்கம் இருக்கட்டும். இலவசமாகவே நல்ல பண்டம் கிடைக்கும்போது திருட்டுப் பண்டத்துக்கு இவ்வளவு விலை எதற்கு?

இதிலிருந்து பத்திரப்படுத்துவதற்கு வருகிறேன்.

நான் வேலை பார்த்த கிளைக்குக் கணினி வந்த புதிதில், நாள் முடிந்ததும் கணக்கைப் பிளாப்பியில் பிரதி எடுப்போம். ஒன்று கிளையின் பெட்டகத்தில். இன்னொன்று வேறு கட்டடத்துக்குப் போய்விடும். கிளை தீப்பிடித்தாலும் கணக்கு பிழைக்க வேண்டும் என்பது கருத்து. படக்காரர்கள் இதையே மூன்று-இரண்டு-ஒன்று என்கிறார்கள். பீட்டர் க்ரோ என்ற புகைப்படக் கலைஞர் பரப்பிய விதி. மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனத்தில், ஒன்று வீட்டுக்கு வெளியே.

"வீட்டுக்கு வெளியே" என்பது நம் பகுதிக்கு வெறும் பேச்சு அல்ல. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழை. நம் தரைத்தளத்தில் இடுப்பளவு தண்ணீர். எர்ணாவூர், எண்ணூர் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீட்டுக்குள் வந்தது. பீரோவின் கீழ்த்தட்டில் கல்யாண ஆல்பம், அதே தட்டில் ஹார்டு டிஸ்க், பக்கத்து மேசைக்கடியில் கணினி. மூன்று பிரதியும் ஒரே அறையில் இருந்த வீடு ஒன்று எனக்குத் தெரியும். மூன்றும் ஒரே இரவில் போயின. வெள்ளம் வராத வருடத்திலும் இங்கே உப்புக் காற்றும் ஈரமும் சும்மா இருப்பதில்லை. ஆல்பத்தில் பூஞ்சை, டிஸ்க்கின் சொருகு முனையில் துரு. ஒரு பிரதி ஊரில் அக்கா வீட்டில் இருக்கட்டும். இல்லையென்றால் இணையத்தில்.

இணையச் சேமிப்பின் கணக்கையும் பார்ப்போம். கூகுள் ஃபோட்டோஸ் ஒரு காலத்தில் அளவில்லாமல் வாங்கிக்கொண்டது. 2021 ஜூன் 1 முதல் அது முடிந்தது. இப்போது இலவசம் 15 ஜிபி, அதிலேயே ஜிமெயிலும் டிரைவும் அடக்கம். போன் படம் ஒன்று 4 எம்பி என்றால் சுமார் 3,800 படம். ரா கோப்பு ஒன்று 30 எம்பி என்றால் 500 படம். ஒரு கல்யாணத்துக்கே போதாது. எனவே எல்லாவற்றையும் ஏற்றாதீர்கள். சலித்தெடுங்கள். நூறு எடுத்தால் பத்து தேறும். அந்தப் பத்து இணையத்துக்கு, மீதி டிஸ்க்குக்கு. ஒரே மாதிரி இருக்கும் ஏழு படத்தில் ஆறை அழிக்க மனசு வர வேண்டும். அது வந்துவிட்டால் பாதிச் செலவு மிச்சம்.

ஆகவே மாணவருக்கு என் பட்ஜெட் இது. மென்பொருளுக்குச் சுழியம். ஒரு 1 டிபி வெளி ஹார்டு டிஸ்க்குக்கு ஐயாயிரம் முன்பின். தரமான மெமரி கார்டுக்கு ஆயிரம் முன்பின். மிச்சம் பஸ்சுக்கும் டீக்கும். காசு இருந்தால் இரண்டாவது டிஸ்க். அதற்கு அப்புறம்தான் சந்தா.

சந்தா எப்போது கட்டலாம்? கல்யாண ஸ்டுடியோவோ பத்திரிகையோ வேலை கொடுத்து, லைட்ரூம், ஃபோட்டோஷாப் தெரிய வேண்டும் என்றால் கட்டலாம். வருமானத்துக்கு எதிரே எழுதும் செலவு அது. அதுவரை கல்லூரி ஆய்வகத்தில் இருப்பதைப் பயன்படுத்துங்கள், அதற்கும் சேர்த்துத்தானே கட்டணம் கட்டுகிறோம். வெள்ளைச் சமன், வெளிச்ச வளைவு, அடுக்குகள் எல்லாம் எந்த மென்பொருளிலும் ஒன்றுதான். கிம்ப்பில் கற்ற கை ஃபோட்டோஷாப்பில் ஒரு வாரத்தில் பழகிவிடும். கட்டும் முன் இரண்டு கேள்வி. ஒன்று, இது மாத ஒப்பந்தமா, அல்லது வருட ஒப்பந்தத்தை மாதத் தவணையாகக் கட்டுகிறேனா? இரண்டாவது என்றால் நடுவில் விட்டால் அபராதம் இருக்கலாம். இன்னொன்று, கட்டுவதை நிறுத்தினால் என் படங்களின் கதி என்ன? லைட்ரூம் கிளாசிக்கில், சந்தா முடிந்தபிறகும் படங்களைப் பார்க்கலாம், வெளியே எடுக்கலாம், ஆனால் திருத்தும் பகுதி வேலை செய்யாது. கையெழுத்துப் போடும் முன் நிபந்தனையைப் படிக்கச் சொல்வது கிளார்க்கின் புத்தி, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாணவர் அல்லாதவர்களுக்கும் ஒரு வார்த்தை. வெள்ளத்தில் நம் சுற்றுச்சுவர் இடிந்தபோது, காப்பீட்டுக்காகச் சேதத்தின் படங்களை அசல் தேதியோடு கேட்டார்கள். எல்லாரிடமும் படம் இருந்தது, எல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கும், எடுத்த தேதி விவரமும் கழன்றுவிடும். முக்கியமான படத்தை "டாக்குமெண்ட்" ஆக அனுப்புங்கள், அசல் அப்படியே போகும். அன்று பி பிளாக்கில் ஒருவர் தன் போனிலிருந்த மூலப் படத்தை அழிக்காமல் வைத்திருந்ததால் தப்பித்தோம்.

படம் எடுப்பதே எதற்கு என்று சில பெற்றோர் நினைக்கலாம். 2023 டிசம்பரில் எழும்பூர் அருங்காட்சியகத்தில் வடசென்னை இளைஞர்கள் எடுத்த படங்களின் கண்காட்சி நடந்தது. பயிற்சி கொடுத்தவர் புகைப்படக் கலைஞர் பழனி குமார். நம் பகுதியைப் பற்றி வெளியில் இருப்பவர்கள் எடுத்த படம் நிறைய உண்டு, சினிமாவும் உண்டு. நம் பிள்ளைகள் எடுத்தது வேறு மாதிரி. அவர்கள் வீட்டு வாசல், அவர்கள் அம்மா செய்யும் வேலை. அதைப் போலத்தான் நம் வீட்டு ஆல்பங்களும். தமிழ்நாட்டின் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடித் தேடி மின்படியாக்கும் வேலையைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனம் செய்திருக்கிறது. பெரிய இடத்தில் மதிக்கும் பொருளை நாம் பீரோவின் கீழ்த்தட்டில் வைத்திருக்கிறோம்.

அதனால் ஒரு யோசனை. சங்கத்து நூலக அறையில் மாதம் ஒரு ஞாயிறு மதியம் உட்காருவோம். பெரியவர்கள் ஆல்பம் கொண்டு வாருங்கள். மாணவர்கள் ஸ்கேன் செய்யட்டும். படத்தில் இருப்பவர் யார் என்று பெரியவர்கள் சொல்லச் சொல்ல, அவர்கள் குறிச்சொல் எழுதட்டும். பெயர் தெரிந்தவர்கள் இருக்கும்போதே இதைச் செய்துவிட வேண்டும்.

கடைசியாக, ஆரம்பித்ததை முடித்துவிடுகிறேன். டிஜிகேமில் எல்லாவற்றையும் ஏற்றி முகம் தேட விட்டபோது, அதுவரை நான் திறந்தே பார்க்காத ஒரு "நியூ ஃபோல்டரில்" அவள் படம் கிடைத்தது. வடிவுடையம்மன் கோயில் வாசலில், தனியாக, சிரித்துக்கொண்டு. ரொம்பச் சின்னப் படம், பெரிதாக்கினால் உடைகிறது. அதனால் அந்தக் காதுகுத்துப் படத்தையே சி பிளாக் பெண் கிம்ப்பில் வைத்து, தோளில் இருந்த விரல்களை எடுத்துக் கொடுத்தாள். முக்கால் மணி நேர வேலை, செலவு ஒன்றுமில்லை. அந்த விரல்கள் யாருடையவை என்று அசல் கூட்டப் படத்தைப் பார்த்தபிறகுதான் தெரிந்தது, என் மைத்துனியுடையவை. அக்காவைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். திருத்திய படம் இப்போது சுவரில் இருக்கிறது. அசலை மூன்று இடத்தில் வைத்திருக்கிறேன்.

 டிஜிகேம் நிறுவ உதவி வேண்டுவோர் மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டுக்கு வரலாம். கணினியோடு சார்ஜரையும் எடுத்து வாருங்கள்.